ஏழாம் கட்டிலில் ஒரு மைக் செட்

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர்: 650 மில்லி.

அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறேன் என்று எழுதி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட என் கை கேட்காது. மற்றதையும் சேர்த்தே எழுதப் போகிறேன். நர்ஸ் படித்தால் படிக்கட்டும்.

நான் பிரகாசி. வயது ஐம்பத்திரண்டு. திசையன்விளைப் பக்கம் சகாயம் சவுண்ட் சர்வீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். சகாயம் என் வீட்டுக்காரர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பொம்பளை எப்படி மைக் செட் போடுவாள் என்று கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் பெட்டி ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் கொடை, மாதா திருவிழா, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. இப்போது வண்டியில் போய் நிற்பது மகள் ஷைனி.

சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தம் செய்து ஒரு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் டயாலிசிஸ். ஹாலில் எட்டுக் கட்டில், எனக்கு ஏழாவது. இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த இடத்தில் இரண்டு ஊசி போட்டு, என் ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவி, மறுபடி உள்ளே அனுப்புவார்கள். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது.

அதைப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த ஹாலின் அமைதி. பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஃபோனில் சத்தம் வைக்கக் கூடாது, பேசினால் மெதுவாக. நான் முப்பது வருடம் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்றவள்.

சும்மா கிடந்தால்தானே நோயாளி? ஷைனி முந்தின நாள் போட்ட நிகழ்ச்சியின் ரெக்கார்டிங்கைக் கேட்டு, எங்கே இரைச்சல், எங்கே மைக் கூவியது என்று குறித்துக் கொடுத்தால் அது வேலை. இன்றைக்குக் காதுக்குள் செருகுகிற சின்ன இயர்போனைக் கொண்டு போனேன். அரை மணியில் பிடுங்கிப் போட்டேன். கையில் இரண்டு குத்து போதாதா, காதிலும் குத்த வேண்டுமா?

ஜூன் 6, வியாழன்

தண்ணீர்: 700.

இன்று மானம் கப்பலேறியது.

என் அலமாரியில் இருப்பதிலேயே உயர்ந்த ஹெட்போனை எடுத்துப் போனேன். மதுரையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் சகாயத்துக்குக் கொடுத்தது. காதை முழுக்க மூடும். ஆனால் வெளிப்பக்கம் அடைப்புக் கிடையாது, கம்பி வலைதான். அதனால் சத்தம் மண்டைக்குள் முட்டாது. எதிரே மேடை போட்டு நடப்பது போல விரிந்து கேட்கும். ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு, போன வாரக் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை ஓட விட்டேன். குடமும் உடுக்கும் அத்தனை சுத்தம்.

பாட்டுக்காரர் கதையை ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினார். பின்பாட்டு "ஆமா" போட வேண்டிய இடம். "ஆமா" வந்தது. ஆனால் வலது பக்கத்திலிருந்து, ஒரு விநாடி முந்தி வந்தது. இப்படி ஒரு ஆள் குழுவில் இல்லையே என்று திரும்பினால், எட்டாம் கட்டிலில் மசூது அண்ணாச்சி சிரிக்கிறார். மேலப்பாளையத்துக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நல்லாத்தாம்மா இருக்கு கதை," என்றார். "ஆனா அந்த ராசா என்ன ஆனான்னு சொல்லிட்டு நிறுத்து. மூணாம் கட்டிலும் கேட்டுக்கிட்டிருக்கு."

மூன்றாம் கட்டில் மட்டுமா? ஹால் பொறுப்பு அனுசுயா சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "அக்கா, என்ன இது, ஆஸ்பத்திரியில கொடை வச்சிட்டீங்க? அஞ்சாம் கட்டில் பாட்டையா ராத்திரி பூரா தூங்காதவரு. இப்பத்தான் கண்ணசந்தாரு."

கழற்றி வைத்தேன். முகம் எரிந்தது. ஒலி என் பிழைப்பு, எனக்கே பாடம். பின்பக்கம் திறந்த ஹெட்போன் போட்டால் உள்ளே கேட்பதில் பாதி வெளியே கேட்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கக் கூடாது என்று என் வாழ்நாளில் ஒரு தடவையும் யோசித்ததில்லை. எட்டு ஊருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

தண்ணீர்: 700.

காது மடல்மேல் உட்காரும் சின்ன வகையைக் கொண்டு போனேன். சத்தம் கொஞ்சம்தான் கசிந்தது. இரண்டு மணி நேரத்தில் காது இரண்டும் சட்னி.

ஜூன் 9, ஞாயிறு

தண்ணீர்: 800. பூசைக்குப் போய் வந்த தாகம்.

சோதனை போட்டுத்தான் பார்த்துவிடுவோம் என்று கடையிலிருந்த ஹெட்போன்கள் மூன்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். தலைக்குப் பதிலாக ஒரு தர்பூசணி. எனக்கு அதைத் தின்னத்தான் கூடாது, அதற்கு ஹெட்போன் மாட்டக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. தலையளவுக்குப் பொருத்தமான பழமாகப் பார்த்து ஷைனி வாங்கி வந்தாள்.

மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினோம். என் கட்டிலுக்கும் மசூது அண்ணாச்சி கட்டிலுக்கும் நடுவில் நாலு அடி இருக்கும். நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் ஆஸ்பத்திரியில் வைக்கிற அளவுக்குச் சத்தம் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினோம்.

கம்பி வலை போட்டதில் நாலடியில் வரி வரியாகக் கேட்டது. இரண்டாவதில் தாளம் மட்டும் சிக்கு சிக்கென்று வந்தது. மூன்றாவது, மேடையில் டி.ஜே. போடுகிற பையன்கள் விட்டுப் போன பழைய ஹெட்போன். பின்பக்கம் கெட்டியாக மூடியது. பஞ்சு தடிமனாகப் பழத்தைக் கவ்விப் பிடித்தது. நாலடியில் ஒன்றும் இல்லை. ஒரு அடியில் குனிந்து கேட்டால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"இதாம்மா," என்றாள் ஷைனி.

நான் மாட்டிக் கேட்டேன். அமைதிக்கு நூறு மதிப்பெண். சத்தத்துக்கு முப்பத்தைந்து. மூடிய பெட்டிக்குள் அடிச்சத்தம் முட்டி மோதி, பாட்டுக்காரர் அண்டாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. திறந்தது உண்மையைச் சொல்லும், ஊருக்கும் சொல்லும். மூடியது ரகசியம் காக்கும், ஆனால் கொஞ்சம் பொய் சொல்லும்.

தர்பூசணியை ஷைனி வெட்டித் தின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சமையலறையில் நின்று தின்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர்: 750.

டி.ஜே. ஹெட்போன் வென்றது! இரண்டரை மணி நேரம் கேட்டேன். ஒரு ஈ காக்கைக்கும் கேட்கவில்லை. மசூது அண்ணாச்சி "இன்னைக்குக் கதை இல்லியா?" என்று சைகையில் கேட்டார். கையை விரித்தேன்.

ஒரே தொல்லை. இதன் ஒயர் இடது காதிலிருந்து தொங்குகிறது. என் இடது கையிலிருந்துதான் மெஷினுக்கு ரத்தம் போகிற குழாய்கள் ஓடுகின்றன. சிஸ்டர் ஒயரைப் பார்த்ததும் அலறினார். நான் ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டேன். ஒயர் வலப்பக்கம் வந்துவிட்டது. ஆனால் மேடையில் இடது ஓரம் நிற்கிற தவில் வலது காதில் கேட்கிறது. மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்குச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டது போலிருக்கிறது. அடுத்த தடவை ரெக்கார்டிங்கையே இடம் வலம் மாற்றி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஷைனிக்கு ஏழு குறைகள் எழுதிக் கொடுத்தேன். "நாளைக்கு நான் ஒரு நாள் நிம்மதியா தூங்கலாம்னு பாத்தேன்," என்றாள்.

ஜூன் 13, வியாழன்

தண்ணீர்: 900.

நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஊசியை எடுக்க சிஸ்டர் தோளைத் தட்டிய போதுதான் கண்ணைத் திறந்தேன். அப்படி ஒரு அடைப்பு. ஹால் இல்லை, மெஷின் இல்லை, நான் கூட இல்லை. இதுதான் எனக்கு வேண்டியது.

ஜூன் 15, சனி

தண்ணீர்: எவ்வளவோ.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணி இருக்கும். அனுசுயா சிஸ்டரும் இன்னொரு நர்ஸும் ஹாலின் அந்தக் கோடியில், இரண்டாம் கட்டிலில் கசிந்த ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எட்டாம் கட்டில் மூலையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிறவள் நான் ஒருத்திதான். மசூது அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கிறது. அவருக்குச் சத்தம் எழும்பவில்லை. ஆகவே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் கத்தினால் சிஸ்டருக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். "பிரகாசிம்மா, பிரகாசிம்மா" என்று மூன்று தடவை கூப்பிட்டாராம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டின் முடிவில் எதிரொலி அதிகமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெஷின் கூவியிருக்கிறது. அதுவும் எனக்குக் கேட்கவில்லை. சிஸ்டர் ஓடி வந்தபோது என் கட்டில் ஆடியது. அப்போதுதான் திரும்பினேன். அண்ணாச்சி முகம் சுண்ணாம்பு போல வெளுத்து, வாய் திறந்து, கண் மேலே செருகிக் கிடந்தது. காலைத் தூக்கி வைத்து மருந்து ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் கண் விழித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

டயாலிசிஸில் அழுத்தம் இறங்குவது சாதாரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொள்வது என் வேலை அல்ல. அதற்குத்தான் நர்ஸ் இருக்கிறார்கள். நான் பயப்படவும் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும்?

ஷைனி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர்: எழுதவில்லை.

ஹால் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். 'ஹெட்போன் அனுமதி இல்லை.' எட்டுப் பேரில் ஹெட்போன் வைத்திருப்பவள் நான் ஒருத்தி. என் பெயரையே எழுதி ஒட்டியிருக்கலாம்.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா," என்றார் அனுசுயா சிஸ்டர். "உங்களுக்கே அழுத்தம் இறங்குனா, நாங்க கூப்பிட்டா கேக்கணும்லா?"

"கேக்கலைன்னா என்ன, தொட்டு எழுப்புங்க."

"எட்டுப் பேரையும் எப்பவும் தொட்டுக்கிட்டே நிக்க முடியுமாக்கா?"

"அப்பம் நான் நாலு மணி நேரம் என்ன செய்யணும்? உத்தரத்த எண்ணட்டுமா? இது உங்களுக்கு ஹாலு. எனக்கு வேலை செய்யுற இடம். காதக் கட்டிப்போட்டா நான் வர மாட்டேன்."

"வராம இருந்தா என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும்," என்றேன்.

ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். மசூது அண்ணாச்சி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவரோடு நான் இன்றைக்கும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

ஜூன் 20, வியாழன்

மழை. போகவில்லை.

ஜூன் 22, சனி

வண்டி டயரில் காற்றில்லை. போகவில்லை.

வாடகைக் கார் பிடிக்கிறேன் என்று ஷைனி நின்றாள். முடியாது என்றேன். "மழ பெய்யலன்னு எனக்குத் தெரியாதாம்மா? வியாழக்கிழம வாசல் முத்தம் காஞ்சு கெடந்துச்சு. டயர்ல காத்த யாரு பிடுங்கி விட்டான்னு சொல்லட்டுமா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன். என் உடம்பு, என் காது, என் முடிவு.

ஜூன் 23, ஞாயிறு

செருப்பு காலில் ஏறவில்லை. பூசைக்குப் போகவில்லை. படுத்தால் மூச்சு இழுக்கிறது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறேன். மாங்காய் தின்ற சளி. நன்றாக இருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

காலை 5.10. நான் ஷைனி எழுதுகிறேன். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. உதடு நீலமாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. சிஸ்டர் கேட்டால் காட்டுவதற்காக எழுதுகிறேன். தண்ணீர்: எவ்வளவு குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் 28, வெள்ளி

தண்ணீர்: 500. அளந்து ஊற்றியது ஷைனி.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். மூன்று நாள் தொடர்ந்து மெஷினில் போட்டு உறிஞ்சினார்கள். நாலரைக் கிலோ இறங்கியிருக்கிறேன். நாலரைக் கிலோவும் தண்ணீர்.

ஷைனி என்னைத் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன். ஆம்புலன்ஸ் வந்த அன்றிலிருந்து அவளால் ஒரு ஒயரைக் கூடச் சரியாகச் சொருக முடியவில்லை என்று கடைக்கு வந்த எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஒரு ஃபோன். மசூது அண்ணாச்சி. நம்பரை ஷைனிதான் கொடுத்திருக்கிறாள்.

"ஏம்மா, எம்மேல கோவமா?"

"உங்க மேல எனக்கென்ன அண்ணாச்சி கோவம்."

"பொறவு என்ன? நான் கூப்பிட்டேன், ஒனக்குக் கேக்கல. அதுக்காவ நீ வராமலே இருந்துட்டா, அடுத்த தடவ நான் யாரக் கூப்பிடுவேன்? ஏழாம் கட்டில்ல புதுசா ஒரு ஆளப் போட்டாவ. அவரு கூப்புட்டாலும் நமக்குக் கேக்காது, அவ்வளவு மெல்லிசு தொண்ட."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"முப்பது வருசம் பஸ்ல விசில் ஊதுனவன்மா நான்," என்றார். "டிரைவருக்கு முன்னாலதான் ரோடு தெரியும். பின்னால என்ன நடக்குன்னு கண்டக்டர் சொன்னாத்தான் தெரியும். வண்டிய நிறுத்தச் சொன்னா நிறுத்தணும். அதுக்காவ டிரைவர ரோட்டப் பாக்காதன்னு யாராவது சொல்லுவானா? அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா."

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மர மண்டைக்கு என்ன ஆனது? திருவிழாவில் பாட்டு போய்க்கொண்டிருக்கும். காணாமல் போன பிள்ளையைப் பற்றி அறிவிப்புச் சொல்ல யாராவது மைக்கில் வாய் வைத்தால் போதும், பாட்டு தானே தாழ்ந்து போகும், குரல் மேலே வரும், பேச்சு முடிந்ததும் பாட்டு மறுபடி ஏறும். இருபது வருடமாக நான் செய்கிற வேலை. அதை எட்டுக் கட்டிலுக்குச் செய்ய முடியாதா?

ஜூலை 1, திங்கள்

தண்ணீர்: 600.

ஷைனியோடு திருநெல்வேலிக் கடைத்தெருவில் மூன்று மணி நேரம். புதிதாக ஒரு ஹெட்போன் எடுக்க வேண்டும். டி.ஜே. ஹெட்போன் தலையை இறுக்குகிறது, எடையும் அதிகம்.

கடைக்காரத் தம்பி முதலில் நீட்டியது ஒயர் இல்லாதது. வெளிச்சத்தத்தைத் தானே அழித்துவிடும் என்று பெருமையாகச் சொன்னான். "அழிக்கிறதுக்கு நான் காசு குடுக்க மாட்டேன் தம்பி. அழியக் கூடாத சத்தம் எனக்கு நெறைய இருக்கு," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஒயர் இல்லாததில் சத்தம் கால் நொடி பிந்தி வேறு வரும். எனக்கு அவசரத்தில் பிந்தக் கூடாது.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். பின்பக்கம் மூடியது. காதைச் சுற்றி உட்கார வேண்டும், காதின்மேல் உட்காரக் கூடாது. ஒயர் எந்தப் பக்கமும் மாற்றிச் சொருகிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் மாட்டவும் கழற்றவும் வர வேண்டும். பஞ்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் உரியக் கூடாது. ஒவ்வொன்றாக மாட்டி, ஷைனியை நாலடி தள்ளி நிற்க வைத்து, பாட்டைப் போட்டேன். கேட்டால் தலையாட்ட வேண்டும். ஐந்தாவதில் தலை ஆடவில்லை. ஒற்றைக் கையால் மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன். கடையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னும் நல்ல சவுண்டு வேணும்னா திறந்த மாடல் இருக்கு மேடம்," என்றான் தம்பி.

"இருக்கும். அது தனியா இருக்கிறவங்களுக்கு," என்றேன்.

இதிலும் பாட்டு கொஞ்சம் அண்டாவுக்குள்தான் இருக்கிறது. அண்டாவாக இருந்தாலும் என் அண்டா.

ஜூலை 2, செவ்வாய்

தண்ணீர்: 600.

சனிக்கிழமை போலவே இன்றும் ஹெட்போன் இல்லாமல் போனேன். ஏழாம் கட்டில் மறுபடி எனக்கே. நாலு மணி நேரமும் வாயால் சண்டை போட்டேன்.

என் திட்டம் இது: சத்தங்களைச் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற சிறிய மிக்ஸர் ஒன்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். சிஸ்டர் மேசையில் ஒரு மைக், மசூது அண்ணாச்சி சட்டையில் ஒரு காலர் மைக், இரண்டும் என் காதுக்கு. யார் பேசினாலும் பாட்டு அமுங்கும். மெஷின் கூவினால் அதையும் அந்த மைக்குகளே பிடித்துவிடும். ஒயரெல்லாம் சுவரோரம் ஒட்டிவிடலாம், யார் காலும் தட்டாது. எல்லாவற்றையும் படம் வரைந்து காட்டினேன்.

"இதெல்லாம் ஆஸ்பத்திரியில நடக்குமாக்கா?" என்றார் அனுசுயா சிஸ்டர்.

"ஆயிரம் பேரு கூட்டத்துல நடக்கு. எட்டுப் பேருக்கு நடக்காதா? ஒரே ஒரு நாள் போட்டுக் காட்டுதேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா நானே பிடுங்கிருவேன். காகிதத்தக் கிழிக்க வேண்டாம், சும்மா திருப்பி ஒட்டுங்க."

டாக்டரிடம் ஷைனி பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு நாள் சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

ஜூலை 4, வியாழன்

தண்ணீர்: 550.

காலை ஐந்தரைக்கே ஷைனி ஒயர் இழுத்து ஒட்டி முடித்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு சின்ன மைக் செட் போட்டதில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

ஊசி குத்தினார்கள். வலது கையால் ஹெட்போனை மாட்டினேன். ஹால் மூடிக்கொண்டது. முந்தா நாள் கல்யாண வரவேற்பை ஓட விட்டேன். முதலில் அண்ணாச்சி. காலர் மைக்கைத் தாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, "ஜங்சன், பஸ்ஸ்டாண்டு, மேலப்பாளையம், உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத," என்றார். பாட்டு தாழ்ந்தது, அவர் குரல் என் மண்டைக்கு நடுவில் வந்து நின்றது, முடிந்ததும் பாட்டு ஏறியது. நான் கட்டை விரலைத் தூக்கினேன். சிஸ்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாம் கட்டில் பாட்டையா தூக்கம் கலையவில்லை.

பிறகு சிஸ்டர் மைக்கருகே உட்கார்ந்தார். கூச்சம். இரண்டு தடவை ஊதிப் பார்த்தார், எல்லோரும் அப்படித்தான். "பிரகாசி அக்கா, கேக்குதா?" விரலைத் தூக்கினேன். "அழுத்தம் நூத்தி நாப்பது. நல்லாருக்கு." விரலைத் தூக்கினேன்.

அரை மணி போனது. மறுபடி பாட்டு தாழ்ந்தது.

"அக்கா. இது உங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்லா?" மிக மெல்லிய குரல். வாயை மைக்கில் ஒட்டி வைத்திருக்கிறார். "நான் இத யார்ட்டயும் கேக்கல. டாக்டர்ட்டயும் சொல்லல. அந்த ரெண்டு நாளு நீங்க வராததுக்கு நான் போட்ட காகிதந்தான் காரணம்னு எனக்குத் தூக்கமே இல்ல. உண்மையச் சொல்லுங்க. அதான் காரணமா?"

திரும்பிப் பார்த்தேன். ஹாலின் அந்தக் கோடியில் மேசைமேல் குனிந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வயது முப்பது கூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் பார்க்கவில்லை. ஆகவே பதில் சொன்னேன். அவர் குரல் மண்டைக்குள்ளேயே கேட்டதால், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போல மெதுவாக, ரகசியமாகச் சொன்னேன்.

"ஒங்க காகிதம் இல்ல பிள்ள. எனக்குப் பயமா இருந்துச்சு. அண்ணாச்சி கெடந்த கெடையப் பாத்துட்டேன். அடுத்தது நாந்தான்னு நெனச்சேன். சாவுக்குக் கூடப் பயப்படல. வாரத்துக்கு மூணு நாளு, சாவுற வரைக்கும், இப்படியே வந்து படுக்கணுமேன்னு பயந்தேன். நிறுத்திரலாம்னுதான் வராம இருந்தேன். வேணும்னுதான் வராம இருந்தேன்."

சிஸ்டர் நிமிர்ந்தார். மற்ற நர்ஸும் திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டில் கட்டிலாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. பாட்டையா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கதவுப் பக்கம் கண்ணாடிக்கு வெளியே ஷைனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஹெட்போனை ஒற்றைக் கையால் இழுத்துக் கழற்றினேன். அத்தனை பேர் மெஷினும் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. காதை இறுக்கி அடைத்துக்கொண்டால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாது. மேடையில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசாதீர்கள் என்று. ரகசியம் சொல்வதாக நினைத்துக் கொடை மைக்கில் பேசுகிற தொண்டையில் கத்தியிருக்கிறேன்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலது கையால் போர்வையை இழுக்கப் பார்த்தேன்.

"எனக்குந்தாம்மா," என்றார் மசூது அண்ணாச்சி. மைக்கில் அல்ல, வாயால். "மூணு வருசமாவுது. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும்."

"போன மாசம் நானும் ரெண்டு நாளு வரல," என்றது மூன்றாம் கட்டில். "காச்சல்னு சொன்னேன்."

நாலாம் கட்டில் அம்மா அழுதார். பாட்டையா அவரைப் பார்த்து, "அழாத தாயி, அழுதா அழுத்தம் ஏறும்," என்றார். அனுசுயா சிஸ்டர் என் கட்டிலுக்கு வந்து, ஊசி போட்ட கையை ஒரு தடவை பார்த்து, எந்த வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றார். அந்த ஹாலில் இத்தனை பேச்சு இதற்கு முன் நடந்ததில்லை என்று பிறகு சொன்னார். யாரும் யாரையும் மெதுவாகப் பேசு என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு ஷைனிதான் வண்டி ஓட்டினாள். வள்ளியூர் தாண்டியதும், "நான் எல்லாம் கேட்டேம்மா," என்றாள். "கேளு," என்றேன். "ஊருக்கே கேக்கட்டும். பயம்னு சொன்னேன், பொய்யா சொன்னேன்? பயந்துக்கிட்டே வருவேன். மெஷின் ஒரு பக்கம் கெடக்கட்டும், பயம் ஒரு பக்கம் கெடக்கட்டும், நான் நடுவுல படுத்து ஒன் மைக் எங்க கூவுதுன்னு எழுதித் தருவேன்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுது முடித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டினாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. நாலே முக்காலுக்கு வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.